மச்சானும் பதினாறு சக்கரமும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊரிலிருந்து போன் வந்தால் இரண்டு விஷயம்தான் இருக்க முடியும். ஒன்று, யாராவது காலமாகியிருப்பார்கள். இல்லையென்றால் யாருக்காவது ஜாமீன் கையெழுத்து வேண்டியிருக்கும்.

"மாப்ளே, நாமக்கல் வரைக்கும் ஒருக்கா வந்துட்டுப் போயேன். ஒரு சின்னக் கையெழுத்து."

ரெண்டாவது கேஸ்!

என் அக்கா வீட்டுக்காரர் லாரி ஓனர். ஓனர் என்றதும் வாசலில் வரிசையாகப் பத்து வண்டி நிற்பதாகக் கற்பனை செய்துவிடாதீர்கள். வண்டி ஒன்றுதான், சக்கரம்தான் பத்து. அதைக் கொடுத்துவிட்டுப் பதினாறு சக்கரம் எடுக்கப் போகிறாராம். கடன் கொடுப்பவர்கள் ஜாமீனுக்கு ஆள் கேட்கிறார்கள். பத்திரிகைக்கு எழுதிப் பிழைப்பவனை நம்பி யார் லாரிக் கடன் தருவார்கள் என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது. என்னை நம்பி இல்லை ஸார். அப்பா விட்டுப்போன ஓட்டு வீட்டை நம்பி. அம்மா இன்னமும் அதில்தான் இருக்கிறாள்.

போனேன். மச்சான் செல்போனில் ஆஸ்திரேலியா காட்டினார். அங்கே 'ரோடு டிரெய்ன்' என்று ஒரு வஸ்து. ஒரே இன்ஜின், பின்னால் மூன்று நான்கு டிரெய்லர், மொத்தம் 53.5 மீட்டர் நீளம். எங்கள் ஊர்க் கடைவீதியில் அது ஒரு முறை திரும்ப முயன்றால் கல்யாண சீசனே முடிந்துவிடும்.

"ஃபின்லாந்துல 2013லயே 76 டன் வரைக்கும் விட்டுட்டாங்க மாப்ளே. நாம இன்னும் பத்துச் சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அழறோம்."

நம் ஊரிலும் சும்மா இல்லை. 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை ஏற்றியது. ஆறு சக்கர லாரிக்கு வண்டியும் சரக்கும் சேர்த்து 16.2 டன் என்றிருந்தது 18.5 ஆனது. பத்துச் சக்கரத்துக்கு 25 டன், 28.5 ஆனது. டிரெய்லர் வண்டிகளுக்கு 49 டன், 55 ஆனது. பதினாறு சக்கரம் 47.5 டன் வரைக்கும் வருகிறது. (எங்கள் பக்கம் இந்தப் பெரிய லாரிகள் எல்லாமே 'டாரஸ்'தான். ஒரு கம்பெனி தன் மாடலுக்கு வைத்த பெயர், ஜெராக்ஸ் மாதிரி ஊருக்கே பொதுவாகிவிட்டது.)

"இவ்வளவு கனம் ஏத்தினா ரோடு என்னத்துக்கு ஆகும் மச்சான்?" என்று ஒரு பொறுப்புள்ள குடிமகனாகக் கேட்டு வைத்தேன்.

"ரோட்டைக் கெடுக்கறது மொத்தக் கனமில்லே மாப்ளே, ஒரு ஆக்ஸிலுக்கு எத்தனைங்கறதுதான். இதுல அஞ்சு ஆக்ஸில்."

மனுஷன் எட்டாங்கிளாஸ். ஆனால் சொன்னது சத்தியம். 1958லிருந்து 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில், இதற்கென்றே ரோடு போட்டு, ராணுவ ஆட்களை விட்டு ராத்திரி பகலாக லாரி ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு ஆக்ஸில் மேல் கனம் இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. அதாவது நியாயமாக லோடு ஏற்றிய பெரிய வண்டியைவிட, ஓவர்லோடு ஏற்றிய சின்ன வண்டிதான் ரோட்டுக்கு எமன். ஓவர்லோடு கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2005லேயே சொல்லிவிட்டது. அபராதம் கட்டிவிட்டு அதே லோடுடன் போகாதே, கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கு என்று. யார் இறக்கினார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ரோடு பிழைத்தது, சரி. ஓட்டு வீடு பிழைக்குமா?

பி.காம். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். காஸ்ட் அக்கவுண்டிங் பேப்பரில் ஒரு லாரி கணக்கு வரும். 'அ' ஊரிலிருந்து 'ஆ' ஊருக்கு முழு லோடு, திரும்பும்போது பாதி லோடு, டன்-கிலோமீட்டர் எவ்வளவு? எங்கள் கிளாஸில் பாதிப் பேர் கோட்டை விட்டது அந்தக் கணக்கில்தான். அடியேன் அந்தப் பாதியில் சேர்த்தி. இத்தனை வருஷம் கழித்து அது அக்கா வீட்டுத் திண்ணைக்கே தேடி வரும் என்று கனவா கண்டேன்?

காலண்டரைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினேன். சேலம் ஜவ்வரிசி ஏற்றி, புனே வரை 1,100 கிலோமீட்டர். திரும்பும்போது 550 கிலோமீட்டர் காலியாக தாவணகெரே. அங்கே நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்குத் தீவன மக்காச்சோளம். மீதி 550 முழு லோடு. மச்சானின் வழக்கமான ரூட் இது.

"பழைய வண்டி 19 டன் ஏத்தும். லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். புதுசு 34 டன். மூணு குடுக்கும்" என்றார்.

போட்டேன். போகவர 2,200 கிலோமீட்டருக்குப் பழையது குடிப்பது 550 லிட்டர். புதியது 733 லிட்டர். ஒரு லிட்டர் டீசலுக்குப் பழையது 57 டன்-கிலோமீட்டர் இழுக்கிறது. புதியது 76!

"பாத்தியா!" என்று மச்சான் தொடையில் தட்டினார் (என் தொடையில்). டிரைவர் சம்பளமும் அப்படித்தான்: சரக்கு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, டிரைவர் ஒருவரே. டோலும் அப்படி. நாலு ஆக்ஸில் முதல் ஆறு ஆக்ஸில் வரை ஒரே ரேட், பத்துச் சக்கரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. லோடோ 1.8 மடங்கு.

பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் காபி கொண்டுவந்த அக்கா கேட்டாள்: "ஏந்தம்பி, ஜவ்வரிசிக்காரர் எப்பவும் இருபது டன்னுக்கு மேல ஏத்த மாட்டாரே?"

திண்ணை நிசப்தம்.

திரும்பப் போட்டேன். போகும்போது 34க்குப் பதில் 20 டன். திரும்பும்போது சோளம் 34. லிட்டருக்கு 55! பழைய வண்டியைவிட இரண்டு குறைச்சல்.

"லோடு கம்மியானா மைலேஜ் கொஞ்சம் கூடும் மாப்ளே."

"கூட்டிக்கங்க. ரெண்டும் சரிக்குச் சரின்னு வச்சாலும், புது வண்டித் தவணையை யார் கட்டறது?"

மச்சான் காலண்டர் தாளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு புக்கிங் ஆபீஸுக்குப் போனவர், ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வந்தார். புனேயில் இன்னொரு வியாபாரி 14 டன் எடுப்பாராம். இரண்டு பேர் மூட்டையும் ஒரே வண்டியில்.

"வாய்ப் பேச்சா, எழுதி வாங்கினீங்களா?"

"லாரித் தொழில்ல எழுதி வாங்கறதா!"

அம்மா சொன்னாள், "போட்டுக் குடுடா. அவளும் நம்ம வீட்டுப் பொண்ணுதானே." போட்டேன். மூன்று இடத்தில்.

வண்டி வந்து நாலு மாசமாகிறது. சந்தனம், குங்குமம், நெற்றியில் எலுமிச்சம்பழம், எல்லாம் அமர்க்களம். முதல் டிரிப்பிலேயே அந்த 14 டன்காரர் மூட்டை வந்து சேரட்டும் என்று மூன்று நாள் நின்றது. நிற்கிற லாரிக்கு டீசல் செலவு இல்லை என்று மச்சான் சமாதானம் சொன்னார். தவணைக்கு அது தெரியவில்லை. அப்புறம் இரண்டு டிரிப் முழு லோடு. அடுத்தது தாவணகெரேயில் மழை, சோளம் ஈரம், இரண்டு நாள் காத்திருப்பு.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் ரகசியமாகப் போன் பேசிக்கொண்டிருந்தேன். என் மனைவி சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்று, நான் குழைந்து குழைந்து கேட்டதை முழுசாகக் கேட்டுவிட்டாள்.

"மச்சான்... சோளம் ஏத்தியாச்சா?"