ஒரு சென்ட் வரி: வயோலா டெஸ்மண்ட் வழக்கில் எழுதப்படாத சொல்

அமெரிக்காவின் ரோசா பார்க்ஸை நம் மாணவர் வட்டங்களில் அறியாதவர் குறைவு. கனடாவின் வயோலா டெஸ்மண்டை அறிந்தவர் அதைவிடக் குறைவு. அறிந்தவர்களும் அவரைக் ‘கனடாவின் ரோசா பார்க்ஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். காலக்கணக்கு அப்படிச் சொல்ல இடம் தரவில்லை. ரோசா பார்க்ஸ் பேருந்தில் எழ மறுத்தது 1955 டிசம்பரில். வயோலா திரையரங்கில் எழ மறுத்தது 1946 நவம்பர் 8 அன்று. ஒன்பது ஆண்டு முந்தியவர் வயோலா.

யார் முதல் என்ற போட்டிக்காக நாங்கள் இதை எழுதவில்லை. அவர்மீது போடப்பட்ட வழக்கு என்ன வழக்கு என்பதை இளம் தோழர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது வரி ஏய்ப்பு வழக்கு. ஏய்த்ததாகச் சொல்லப்பட்ட தொகை ஒரு சென்ட்.

வயோலா 1914இல் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தவர். அழகுக்கலை கற்க விரும்பினார். ஹாலிஃபாக்ஸின் பயிற்சிப் பள்ளிகள் கறுப்பினப் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மாண்ட்ரியல் சென்று படித்துவிட்டு வந்து சொந்தமாக அழகு நிலையம் தொடங்கினார். தனக்கு மூடப்பட்ட கதவு தன் பின்னால் வரும் பெண்களுக்கும் மூடியிருக்கக் கூடாது என்று ஒரு பயிற்சிப் பள்ளியும் நடத்தினார். தன் பெயரிலேயே முகப்பவுடர் தயாரித்து விற்றார். சொந்தக் காரில் ஊர் ஊராகத் தொழில் பார்த்த பெண் அவர்.

அப்படிப் போகும் வழியில் நியூ கிளாஸ்கோ என்ற சிறு நகரத்தில் கார் பழுதாகி நின்றது. சரிசெய்ய மறுநாள் ஆகும் என்றார்கள். நேரத்தைக் கழிக்க ரோஸ்லேண்ட் திரையரங்கில் படம் பார்க்கப் போனார். கிட்டப்பார்வை உள்ளவர் என்பதால் கீழ்த்தளத்துக்குச் சீட்டுக் கேட்டார். கொடுக்கப்பட்டது மாடிச் சீட்டு. கீழே உட்கார்ந்தவரை மேலே போகச் சொன்னார்கள். சீட்டு மாறிவிட்டது போலும் என்று நினைத்து, மீதிப் பணத்தைத் தருகிறேன், மாற்றிக் கொடுங்கள் என்று திரும்பிப் போய்க் கேட்டார். உங்கள் ஆட்களுக்குக் கீழ்த்தளச் சீட்டு விற்க அனுமதி இல்லை என்பதே பதில். விஷயம் புரிந்தது. போய்க் கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்தார்.

மேலாளரும் காவலரும் சேர்ந்து அவரை வெளியே இழுத்துப்போனார்கள். இடுப்பில் அடிபட்டது. அன்றிரவு முழுவதும் லாக்கப்பில் வைத்தார்கள்.

இங்கேதான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். திரையரங்கில் கறுப்பின மக்கள் மாடியில்தான் உட்கார வேண்டும் என்று நோவா ஸ்கோஷியாவில் எந்தச் சட்டமும் இல்லை. அப்படிப் பிரித்து உட்காரவைப்பதைத் தடுக்கும் சட்டமும் இல்லை. அது வழக்கம், அவ்வளவுதான். வழக்கத்தை மீறியதற்காக ஒருவரைச் சிறையில் அடைக்க முடியாது. ஆகவே, கேளிக்கை வரிச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கீழ்த்தளச் சீட்டுக்கு வரி மூன்று சென்ட், மாடிச் சீட்டுக்கு இரண்டு சென்ட். மாடிச் சீட்டோடு கீழே உட்கார்ந்ததால் அரசுக்கு ஒரு சென்ட் இழப்பாம். அந்த ஒரு சென்டைத் தருகிறேன் என்று அவரே முன்வந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

மறுநாள் காலை விசாரணை. வயோலாவுக்கு வழக்கறிஞர் இல்லை. அபராதம் 20 டாலர், செலவுத்தொகை 6 டாலர். அந்த 6 டாலரும் அவரை இழுத்துப்போட்ட மேலாளருக்கே போனது. விசாரணையில் எவரும் நிறம் என்ற சொல்லை எடுக்கவில்லை. அந்தப் பதிவை மட்டும் படிக்கிறவருக்கு, வரி கட்டாத ஒரு பெண் தண்டிக்கப்பட்டார் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.

ஒடுக்குமுறையின் மிகத் தேர்ந்த வடிவம் இது என்று நாங்கள் கருதுகிறோம். ‘கறுப்பர்கள் கீழே உட்காரக் கூடாது’ என்று பலகை எழுதி மாட்டினால் அதை எதிர்த்துப் போராடலாம், பெயர்த்து எறியலாம். ஒரு சென்ட் வரியை எதிர்த்து எப்படிப் போராடுவது? விதி எல்லோருக்கும் பொதுவானது, நாங்கள் விதியைத்தான் பார்த்தோம், ஆளைப் பார்க்கவில்லை என்று கைகழுவ அது வழி செய்கிறது.

வயோலா தனியாள் இல்லை. பியர்லீன் ஆலிவரும் அவர் கணவரான பாதிரியார் வில்லியம் ஆலிவரும் துணை நின்றார்கள். ஓராண்டு முன்புதான் தொடங்கியிருந்த நோவா ஸ்கோஷியா கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் வழக்குக்கு நிதி திரட்டியது. நியூ கிளாஸ்கோவில் ‘தி கிளாரியன்’ என்ற பத்திரிகையை நடத்திய கேரி பெஸ்ட் இந்தச் செய்தியை முதல் பக்கத்தில் போட்டார். அதே ரோஸ்லேண்ட் திரையரங்கில் சில ஆண்டுகளுக்கு முன் தானும் அவமதிக்கப்பட்டு, வழக்குப் போட்டுத் தோற்றவர் கேரி பெஸ்ட். வயோலாவின் பெயரைத் தெரிந்துகொள்ளும் தோழர்கள் இந்தப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள். போராட்டத்தை ஒற்றை நாயகியின் கதையாகச் சுருக்குவது அமைப்புகளின் உழைப்பை மறைத்துவிடும்.

வழக்கு மாகாண உச்ச நீதிமன்றம் வரை போயும் தோற்றது. மேல்முறையீட்டுக்கான காலக்கெடு தவறிவிட்டது, தேர்ந்த வழிமுறை தவறு என்றார்கள். நிறவேற்றுமையைச் செயல்படுத்தவே இந்த வரிச் சட்டம் பயன்பட்டதோ என்ற ஐயத்தை ஒரு நீதிபதி மட்டும் எழுதிவைத்தார். ஐயத்தால் தீர்ப்பு மாறவில்லை. வயோலாவின் மணவாழ்க்கை முறிந்தது. ஊரைவிட்டுப் போனவர் 1965இல் நியூயார்க்கில் இறந்தார். அப்போதும் அரசுக் கணக்கில் அவர் ஒரு குற்றவாளிதான்.

அந்தக் கணக்கை மாற்றியது அரசின் மனசாட்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயோலாவின் தங்கை வாண்டா ராப்சன் எழுபது வயதைக் கடந்து பல்கலைக்கழகத்தில் படித்தார், அக்காவின் கதையை மேடை மேடையாகச் சொன்னார். 2010 ஏப்ரல் 15 அன்று மாகாண அரசு மன்னிப்புக் கேட்டது. தண்டனையை ரத்து செய்யும் ஆணையில் கையெழுத்திட்டவர் மாகாணத்தின் முதல் கறுப்பின ஆளுநரான மயான் ஃபிரான்சிஸ். 2018 நவம்பரில் கனடாவின் பத்து டாலர் நோட்டில் வயோலாவின் படம் வந்தது. புழக்கத்திலுள்ள நோட்டில் தனித்து இடம்பெற்ற முதல் கனடியப் பெண் அவர். அவரைத் தண்டித்த ஒரு சென்ட் நாணயமோ இப்போது கனடாவில் புழக்கத்திலேயே இல்லை.

பத்து டாலர் நோட்டைப் பார்த்து மகிழ்வதில் தவறில்லை. ஆனால், கொண்டாட்டம் கணக்கை முடித்துவைக்கும் வேலையையும் செய்யும். பழைய அநீதிக்குச் சிலை வைத்துவிட்டால் புதிய அநீதியைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. பெயர் சொல்லப்படாத பாகுபாடு கனடாவில் இன்றும் உண்டு. அதில் ஒன்று நமக்கு நன்கு தெரிந்தது, நம் ஆட்களோடு விமானம் ஏறிப் போனது: சாதி.

2023 மார்ச்சில் டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியம், பள்ளிகளில் சாதி ஒடுக்குமுறை இருப்பதை ஏற்று, அதைக் கையாள வழிகாட்ட வேண்டும் என்று ஒன்டாரியோ மனித உரிமை ஆணையத்தைக் கேட்கும் தீர்மானத்தை நிறைவேற்றியது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் யாழினி ராஜகுலசிங்கம் என்ற தமிழ்ப் பெண். சாதியா, இந்த நாட்டில் அது ஏது, பெயரைச் சொல்லி நீங்கள்தான் பிளவு உண்டாக்குகிறீர்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு அக்டோபரில் ஆணையம், சாதிப் பாகுபாடும் மனித உரிமைச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று வெளிப்படையாக அறிவித்தது. சாதி என்ற சொல்லே இல்லாத புகார்த் தாளில் ஒரு மாணவி தன் வலியை எப்படி எழுதுவாள்? நியூ கிளாஸ்கோ நீதிமன்றத்தில் வயோலா நின்ற நிலையில்தான் அவளும் நிற்பாள்.

ஆகவே இளம் தோழர்களுக்கு நாங்கள் சொல்வது இது. வருகைப் பதிவு, கட்டண பாக்கி, ஒழுங்கு நடவடிக்கை, காலம் கடந்த விண்ணப்பம் என்று உங்களை வெளியேற்றும் காகிதம் எந்த உருவத்திலும் வரலாம். அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதே விதியை மீறிய மற்றவர்கள் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று விசாரித்து எழுதி வையுங்கள். காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், அமைப்போடு போங்கள். அவர்கள் எழுதாமல் விட்ட சொல்லை உங்கள் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.