‘ஒரு இருபது நிமிஷம் பேசலாமா சார்?’: விளையாட்டுத் துறையின் வாசலில் நிற்கும் சாதி

விளையாட்டுத் துறையில் வேலை தேடும் இளைஞர்களுக்கு இப்போது ஓர் அறிவுரை இலவசமாகக் கிடைக்கிறது. யூடியூபில் சொல்கிறார்கள். கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவில் சொல்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் பட்டயம் விற்கும் நிறுவனங்களும் சொல்கின்றன. “இந்தத் துறையில் பாதி வேலைக்கு விளம்பரமே வராது. நெட்வொர்க் பண்ணுங்கள். உள்ளே இருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். வேலை கேட்காதீர்கள், தகவல் கேளுங்கள். இருபது நிமிடம் போதும்.”

இதில் முதல் வாக்கியத்தை மட்டும் யாரும் நின்று கவனிப்பதில்லை. விளம்பரம் வராது என்கிறார்கள். அதாவது வேலை இருக்கிறது, ஊதியம் இருக்கிறது, ஆனால் அது இருப்பது ஊருக்குத் தெரியாது. தெரிந்தவருக்குத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும். சாதிச் சமூகத்தில் ‘தெரிந்தவர்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை நாம் யாரும் அகராதியில் தேட வேண்டியதில்லை.

நான் சேலம், நாமக்கல் சமவெளியைச் சேர்ந்தவன். தறி, லாரி, முட்டைக்கு அடுத்தபடியாக எங்கள் பகுதிக்கு இன்று விளையாட்டும் ஓர் அடையாளம். சின்னப்பம்பட்டி நடராஜன் இருக்கிறார். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு இருக்கிறார். 2021 முதல் டிஎன்பிஎல்லில் சேலம் பெயரில் ஓர் அணியும் இருக்கிறது. “பாருங்கள், திறமை இருந்தால் எங்கிருந்தாலும் மேலே வந்துவிடலாம்” என்று சொல்ல இந்தப் பெயர்கள்தான் பயன்படுகின்றன. அதனால் இந்தப் பெயர்களிலிருந்தே தொடங்குவோம்.

நடராஜனின் அப்பா நெசவுக்கூலி. அம்மா சாலையோரம் கடை போட்டவர். இருபது வயது வரை அவர் கையில் இருந்தது டென்னிஸ் பந்துதான். பந்து வீசும் கை அதற்கு முன்பும் அதே கைதான். மாறியது என்ன? ஜெயப்பிரகாஷ் என்ற உள்ளூர் அண்ணன் ஒருவர் அவரைச் சென்னைக்குக் கொண்டுபோனார். அங்கே நான்காவது டிவிஷன் லீக், பிறகு முதல் டிவிஷன், 2015 ஜனவரியில் ரஞ்சி, 2016-இல் டிஎன்பிஎல், 2017-இல் 3 கோடி ரூபாய்க்கு ஐபிஎல். 2020 கடைசியில் ஆஸ்திரேலியாவுக்கு அவர் போனது வலைப்பந்து வீச்சாளராக. இருபது ஓவர் அணியில் இடம் கிடைத்தது வருண் சக்கரவர்த்திக்குத் தோள்பட்டைக் காயம் என்பதால். டெஸ்ட் அணியில் சேர்ந்தது உமேஷ் யாதவ் காயமடைந்ததால். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வடிவங்களிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார் அவர்.

இந்தக் கதையை உழைப்பின் வெற்றி என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஜெயப்பிரகாஷ் என்ற ஒரு கண்ணி அறுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு மாவட்டத்துக்கும் ஓர் இந்திய அணிக்கும் நடுவே ஒரே ஒரு மனிதரின் நல்ல மனம்தான் பாலமாக இருந்தது என்றால், அது பெருமைப்பட வேண்டிய விஷயமா? அப்படி ஓர் அண்ணன் கிடைக்காத எத்தனை இடதுகைகள் இன்று தறி ஓட்டிக்கொண்டிருக்கின்றன?

மாரியப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறி விற்ற அம்மாவின் மகன். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலதுகால் சிதைந்தது. 2013-இல் பெங்களூரில் நடந்த தேசியப் போட்டியில் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டார். 2016 ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். தமிழ்நாடு அரசின் காகித ஆலையில் துணை மேலாளர் பணியாணை அவர் கைக்கு வந்தது 2021 நவம்பரில், அதாவது இரண்டாவது பாராலிம்பிக் பதக்கத்துக்குப் பிறகு. அரசு கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. ஆனால் ‘தெரிந்தவர்’ இல்லாத வீட்டுப் பிள்ளை ஒரு நாற்காலியில் உட்கார உலக மேடையில் இரண்டு பதக்கம் வேண்டியிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாக இருக்கிறது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மைதானத்துக்குள் ஸ்கோர்போர்டு இருக்கிறது. யார்க்கர் குச்சியைச் சாய்த்தால் சாய்த்ததுதான். 1.89 மீட்டர் தாண்டினால் தாண்டியதுதான். பந்தயக் கம்பிக்கு யாருடைய குலதெய்வமும் தெரியாது. ஆனால் இன்றைய விளையாட்டுத் துறை வீரர்களால் மட்டும் ஆனது அல்ல. பிசியோதெரபிஸ்ட், உடற்தகுதிப் பயிற்சியாளர், வீடியோ அனலிஸ்ட், அணி மேலாளர், வர்ணனையாளர், வீரர்களின் ஏஜென்ட், ஒளிபரப்புத் தயாரிப்பாளர், லீக் நிர்வாகி என்று மைதானத்துக்கு வெளியேதான் நிலையான வேலைகள் இருக்கின்றன. இந்த வேலைகளுக்கு ஸ்கோர்போர்டு கிடையாது. “பையன் எப்படி?” என்று ஒருவர் கேட்க, “நம்ம பையன்தான்” என்று இன்னொருவர் சொல்ல வேண்டும். அளவுகோல் இல்லாத இடத்தில்தான் சாதி வசதியாகக் கால் நீட்டிப் படுக்கிறது.

அளவுகோல் இருக்கும் இடத்திலேயே நிலைமை என்ன? 2018-இல் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் வந்த ஒரு கட்டுரை, அதுவரை டெஸ்ட் ஆடிய ஏறத்தாழ 290 இந்திய ஆண்களில் தலித்துகள் 4 பேர் என்று கணக்குச் சொன்னது. மைதானத்துக்குள் குறைந்தபட்சம் இப்படி எண்ணிப் பார்க்க முடிகிறது. மைதானத்துக்கு வெளியே இருக்கும் அறைகளில் யார் எத்தனை பேர் என்ற கணக்கை எந்தச் சங்கமும் வெளியிடுவதில்லை.

இது நேற்று முளைத்த நோய் அல்ல. பல்வங்கர் பாலு புனேயில் வெள்ளையர் கிளப்பில் மைதானப் பணியாளராக மாதம் 4 ரூபாய்க்கு வேலை பார்த்தவர். வலையில் வெள்ளைக்கார மட்டையாளர்களுக்கு மணிக்கணக்கில் பந்து வீசியே தன் சுழலைக் கூர்தீட்டிக்கொண்டார். இந்து அணிக்கு அவர் விக்கெட் வேண்டியிருந்தது. ஆனால் தேநீர் வேளையில் அவருக்குப் பெவிலியனுக்கு வெளியே மண்குவளை. 1911 இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்த அந்த மனிதரை இந்து அணியின் தலைவராக்க அவர்களுக்குக் கடைசிவரை மனம் வரவில்லை. 1923-இல் அவருடைய தம்பி விட்டலுக்குத்தான் அந்த நாற்காலி திறந்தது, அதுவும் போராட்டத்துக்குப் பிறகு. உன் உழைப்பை எடுத்துக்கொள்கிறேன், முடிவெடுக்கும் அறைக்குள் மட்டும் வராதே என்ற ஏற்பாடு அது. பெவிலியனின் இடத்தில் இன்று கார்ப்பரேட் அலுவலகம் இருக்கிறது. மண்குவளையின் இடத்தில் ‘தகவல் நேர்காணல்’ வந்திருக்கிறது. காபி உண்டு, வேலை கிடையாது.

நெட்வொர்க் அறிவுரை சொல்பவர்கள் அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டரை மேற்கோள் காட்டுவார்கள். நெருங்கிய நண்பர்களைவிட லேசான அறிமுகங்கள்தான் வேலைத் தகவலைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று 1973-இல் எழுதியவர் அவர். காரணமும் சொன்னார்: நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரியும், தூரத்து அறிமுகம்தான் வேறோர் உலகத்தின் செய்தியைக் கொண்டுவரும். சரி. வேறோர் உலகத்து மனிதரோடு லேசாக அறிமுகமாக இந்த மண்ணில் அனுமதி இருக்கிறதா?

ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ் பொறியியல் பட்டதாரி, தலித் இளைஞர். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் தன்னோடு படித்த ஆதிக்கச் சாதிப் பெண்ணுடன் பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. யுவராஜின் தண்டனையை உயர் நீதிமன்றமும் 2023-இல் உறுதி செய்தது. சக மாணவியோடு பேசியதற்குக் கொலை நடந்த இதே சமவெளியின் பிள்ளைகளிடம்தான் வந்து சொல்கிறார்கள்: “தயங்காமல் யாரிடமும் போய்ப் பேசுங்கள், தன்னம்பிக்கைதான் முக்கியம்.”

அம்பேத்கர் இதை 1919-இலேயே சவுத்பரோ குழுவின் முன் வைத்தார். தீண்டத்தக்கவர்களுக்கும் தீண்டப்படாதவர்களுக்கும் நடுவே ஊடுபரவல் இல்லை என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். இரு பக்கமும் கலந்து பழகாத சமூகத்தில், ஒரு பக்கத்தின் அனுபவமும் வாய்ப்பும் மறுபக்கம் போய்ச் சேராது. கிரனோவெட்டரின் லேசான கண்ணிகள் இங்கே ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு அவருக்கு 54 ஆண்டுகள் முன்பே சொல்லப்பட்ட பதில் இது.

சரி, துணிந்து போய்ப் பேசுகிறான் என்றே வைத்துக்கொள்வோம். அந்த இருபது நிமிடத்தில் என்ன நடக்கிறது? “தம்பிக்கு எந்த ஊரு?” “நாமக்கல் பக்கம் சார்.” “நாமக்கல்ல எங்க?” “ராசிபுரம் பக்கத்துல.” “அப்பா என்ன பண்றாரு? சொந்தக் காடா? ஊருக்குள்ளயா வீடு?” நான்காவது கேள்வியில் அவருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிடுகிறது. தகவல் கேட்கப் போனவன் தகவல் கொடுத்துவிட்டு வருகிறான். “டச்ல இருங்க தம்பி” என்பதோடு கதை முடிகிறது.

இது என் கற்பனைப் பொருமல் அல்ல. சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றையே பார்க்கிறோம் என்ற பெருநிறுவன மேலாளர்கள் அதே மூச்சில் விண்ணப்பதாரரின் ‘குடும்பப் பின்னணி’யையும் விசாரிப்பதாகச் சொன்னார்கள். அதே ஆண்டு சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு இருந்த அழைப்பு வாய்ப்பில் தலித் பெயருக்குக் கிடைத்தது மூன்றில் இரண்டு பங்குதான். முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. அவை செய்தித்தாளில் பகிரங்கமாக விளம்பரம் வந்த வேலைகள். விளம்பரமே வராத வேலைகளில் நிலைமை என்னவாக இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதன்மேல் பணம் வேறு. “அனுபவத்துக்காக ஆறு மாதம் ஊதியமில்லாமல் இன்டர்ன்ஷிப் செய்யுங்கள்” என்பது அடுத்த அறிவுரை. ஆறு மாதம் சென்னையில் ஊதியமில்லாமல் இருக்க யாரால் முடியும்? சென்னையில் அத்தை வீடு இருப்பவரால் முடியும், அல்லது மாதா மாதம் வீட்டிலிருந்து பணம் வருபவரால் முடியும். தறிக்கூலி வீட்டுப் பிள்ளைக்கு ஊதியமில்லா இன்டர்ன்ஷிப் என்பது மூடிய கதவுக்கு இன்னொரு பெயர்.

“கிரிக்கெட் சங்கங்கள் தனியார் அமைப்புகள், யாரை வேலைக்கு எடுப்பது அவர்கள் விருப்பம்” என்று சிலர் சட்டம் பேசலாம். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பிசிசிஐ அரசின் அங்கம் இல்லைதான், ஆனால் அது செய்வது பொதுப்பணி, எனவே உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு அது கட்டுப்பட்டது. நாட்டின் பெயரில் அணி, பொதுநிலத்தில் மைதானம், காவல்துறைப் பாதுகாப்பு எல்லாம் பொது. நியமனம் மட்டும் தனியாரா? தென்னாப்பிரிக்காவில் 2016-இல் தேசிய அணிக்கே இலக்கு வைத்தார்கள்: பருவத்தின் சராசரியில் வெள்ளையர் அல்லாதோர் 6 பேர், அதில் கறுப்பின ஆப்பிரிக்கர் 2 பேர். வானம் இடிந்து விழவில்லை. இங்கே ஆடும் பதினொருவரில் இடஒதுக்கீடு என்றாலே நெஞ்சில் அடித்துக்கொள்கிறார்கள். போகட்டும், அந்த விவாதம் தனி. பிசியோ, அனலிஸ்ட், மேலாளர் பணிகளில் கொடுக்க என்ன தடை?

தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு வைத்திருக்கிறது. நல்லது. அது வீரர்களுக்கானது. வீரராகாமல் விளையாட்டுத் துறையில் வாழ விரும்பும் பிள்ளைக்கு என்ன இருக்கிறது? எனவே நம் கோரிக்கைகள் எளிமையானவை. அரசு நிலத்தையோ அரங்கத்தையோ அரசு நிதியையோ பயன்படுத்தும் ஒவ்வொரு விளையாட்டுச் சங்கமும் லீக்கும் தன் எல்லாப் பணிகளையும் பகிரங்கமாக விளம்பரம் செய்ய வேண்டும். ஊதியமில்லா இன்டர்ன்ஷிப்பைத் தடை செய்ய வேண்டும். பணியாளர்களின் சமூகப் பிரிவுக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சேலம் காந்தி மைதானம் தொடங்கி ஒவ்வொரு மாவட்ட அரங்கிலும் மாதம் ஒரு நாள், துறையில் இருப்பவர்களை விளையாட்டு மேம்பாட்டு ஆணையமே உட்கார வைக்க வேண்டும். முதல் தலைமுறைப் பிள்ளைகள் வரிசையில் வந்து கேட்கட்டும். தகவல் அந்த இருபது நிமிடக்காரரின் கருணையாக இருக்கக் கூடாது.

அதுவரை என்ன செய்வது என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: பேசாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போய்ப் பேசுங்கள். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போங்கள். கிடைத்த தகவலை உங்களோடு வைத்துக்கொள்ளாமல் ஊர்ப் படிப்பகத்திலும் விடுதி வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட நம் தோழர்கள், தங்கள் செல்பேசியில் உள்ள எண்களைச் சொந்தச் சொத்தாக நினைக்காமல் கீழே இறக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அவர் உங்கள் ஊரைக் கேட்டு முடித்ததும் நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: “சார், இந்த வேலை காலியா இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?” பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள். நூறு பேர் நூறு அலுவலகங்களில் இதைக் கேட்டு எழுதினால், எந்தச் சங்கமும் வெளியிட மறுக்கும் கணக்கு நம் கையில் இருக்கும். அந்தக் கணக்கோடு ரிட் மனுவும் போடலாம், தெருவிலும் நிற்கலாம்.