ஒரு கண்ணை மூடிவிட்டுக் கேட்டுப் பாருங்கள்

 

மடத்துவெளி, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு உறவுகளுக்கும் வெளிநாடுகளில் இருக்கும் எங்கட ஊர்ச் சொந்தங்களுக்கும். கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டார் கடைசி வரை வாசியுங்கள்.

"கெட்டிக்காரப் பிள்ளைதான் சேர், ஆனா கவனம் இல்லை." பெற்றார் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் இது. பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதாது, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும். வரி மாறி வாசிக்கும். தலையை ஒரு பக்கம் சரித்துப் பார்க்கும். எறிந்த பந்தைப் பிடிக்காது. இப்படியான எல்லாப் பிள்ளைகளுக்கும் கண்ணில் குறை என்று நான் சொல்லவில்லை. கவனம் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். ஒவ்வொரு கண்ணாகச் சோதியுங்கள். முடிந்தால் தரம் 1க்குப் போகும் முன்பே செய்யுங்கள். இவ்வளவுதான் என் கருத்து. ஏன் இந்த அவசரம் என்று விளங்க, நாங்கள் எப்படிப் பார்க்கிறோம் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலணையிலிருந்து தாம்போதியால் மத்தியான வெயிலில் மடத்துவெளிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். தூரத்தில் ரோட்டில் தண்ணீர் நிற்பதுபோல் மினுங்கும். கிட்டப் போனால் காய்ந்த தார்தான். சூடான தாருக்கு மேலே இருக்கும் காற்று, வானத்திலிருந்து வரும் வெளிச்சத்தை வளைத்து எங்கள் கண்ணுக்குள் அனுப்புகிறது. வெளிச்சம் நேர்கோட்டில்தான் வரும் என்று பழகிய மூளை அந்த வானத்துண்டை ரோட்டில் வைத்து, "தண்ணீர்" என்று சொல்லிவிடுகிறது. கண் தனக்கு வந்ததைச் சரியாகத்தான் கொடுத்தது. அதற்குப் பொருள் சொன்னது மூளை.

இதைச் சுமார் 1,000 வருடங்களுக்கு முன் எழுதியவர்களில் முக்கியமானவர் இப்னுல் ஹைதம். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று பெரிய அறிஞர்கள் பலர் நம்பியிருந்த காலம் அது. அவர் தன் 'கிதாபுல் மனாழிர்' நூலில் அதை மறுத்து, பொருளிலிருந்து வெளிச்சம் கண்ணுக்குள் வருகிறது என்று காட்டினார். அதோடு நிற்காமல், முன்பு அறிந்ததோடு ஒப்பிட்டுத்தான் ஒரு பொருளை இன்னதென்று அறிகிறோம் என்றும் சொன்னார்.

இன்றைய கணக்கு இது. ஒரு கண்ணின் விழித்திரையில் வெளிச்சத்தை உணரும் கலங்கள் பல கோடி. அங்கிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பில் இருக்கும் இழைகளோ சுமார் 10 இலட்சம்தான். ஆகவே கண் முழுப் படத்தை அனுப்புவதில்லை, சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கத்தை விரித்துப் படமாக்கும் வேலை பெரும்பாலும் தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே நடக்கிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்து பாருங்கள். ஒரு தாளில் நான்கு விரல் அகல இடைவெளி விட்டு இடப்பக்கம் ஒரு புள்ளடியும் வலப்பக்கம் ஒரு பொட்டும் போடுங்கள். இடக் கண்ணை மூடி, வலக் கண்ணால் புள்ளடியையே பார்த்தபடி தாளை முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்துங்கள். ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில் பொட்டு காணாமல் போகும். நரம்பு வெளியேறும் அந்த இடத்தில் விழித்திரைக்குப் பார்வையே இல்லை. ஆனால் அங்கே ஓட்டை தெரியாது, வெள்ளைத் தாள்தான் தெரியும். இல்லாததை மூளை நிரப்பிவிடுகிறது.

இப்போது பிள்ளைகளிடம் வருவோம். மூளைக்கு இந்த வேலை பிறக்கும்போதே முழுதாகத் தெரியாது. பழகித்தான் வரும். எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய 'பிரகாஷ்' திட்டம், வட இந்தியாவில் பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைகளைத் தேடிப் பிடித்துச் சத்திரசிகிச்சை செய்விக்கிறது. அப்படிப் பார்வை பெற்ற 8 முதல் 17 வயது வரையான 5 பேரைப் பற்றிய ஆய்வு 2011இல் வெளியானது. சிகிச்சை முடிந்த கையோடு, கையால் தடவிப் பார்த்த கட்டையைக் கண்ணால் அடையாளம் காணச் சொன்னார்கள். அவர்களால் முடியவில்லை. சில நாட்களுக்குள் பழகிக்கொண்டார்கள். கண் திறந்தது ஒரு நாளில். பார்க்கப் பழகியது அதற்குப் பிறகு.

அந்தப் பிள்ளைகளின் குறை வெளியே தெரிந்தது. எங்கள் வகுப்பறைகளில் நான் பயப்படுவது வெளியே தெரியாத குறைக்கு. ஒரு கண் நன்றாகத் தெரிந்து மற்றக் கண் மங்கலாக இருந்தால், மூளை மங்கல் படத்தைத் தள்ளிவிட்டு நல்ல கண்ணை மட்டும் நம்பத் தொடங்கும். வாக்குக் கண் இருந்தாலும் அப்படி நடக்கலாம். தள்ளிவைத்த கண்ணுக்கான பார்வை வளராமலே போகும். இதைச் சோம்பேறிக் கண் என்பார்கள். உலகளவில் 100 பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இருக்கலாம் என்பது பொதுவான கணிப்பு. பிள்ளை இதைச் சொல்லாது. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று அது நினைக்கும்.

டேவிட் ஹியூபெல், டோர்ஸ்டன் வீசல் இருவரும் 1960களில் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைச் சில காலம் மூடிவைத்துப் பார்த்தார்கள். திறந்த பிறகு கண் நலமாக இருந்தது; மூளை அந்தக் கண்ணைக் கணக்கில் எடுக்கவில்லை. வளர்ந்த பூனைகளுக்கு அப்படி ஆகவில்லை. பார்வைக்குப் பழகும் பருவம் ஒன்று உண்டு என்று இதனால் தெரிந்தது. பார்வை பற்றிய அவர்களின் ஆய்வுகளுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. பிள்ளைகளிலும் ஏழு வயதுக்கு முன் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். பிந்தினாலும் பலன் உண்டு, ஆனால் முழுதாகக் கிடைப்பது கஷ்டம். சிகிச்சையும் பெரிதாகப் பயப்படக்கூடியதல்ல. பெரும்பாலும் முதலில் கண்ணாடி. தேவைப்பட்டால் நல்ல கண்ணைத் தினமும் சில மணித்தியாலம் மூடிவைத்து மற்றக் கண்ணை வேலை செய்ய விடுவார்கள்.

ஆனால் ஊரில் கேட்பது வேறு. "வாக்குக் கண் அதிர்ஷ்டம்." "வளர வளரச் சரியாகும்." "இந்த வயதில் கண்ணாடி போட்டால் கண் இன்னும் பழுதாகும்." "பொம்பிளைப் பிள்ளை, கண்ணாடி போட்டால் நாளைக்குக் கலியாணம் பேசேலாது." இந்த நாலு வசனங்களும் பிள்ளையின் நல்ல வருடங்களைத் தின்றுவிடும். கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. ஆறு மாதத்துக்குப் பிறகும் கண் விலகி நின்றால் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். கைபேசியில் எடுத்த படத்தில் பிள்ளையின் கண்மணி வெள்ளையாக மினுங்கினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நான் கேட்பது மூன்று விடயம்.

வீட்டாரிடம்: சுவர்க் கலண்டரைத் தூரத்தில் வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி எண்களைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். ஒரு கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டால், எட்டிப் பார்த்தால், கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கலண்டர் வாசித்துவிட்டால் எல்லாம் சரி என்றும் இருக்க வேண்டாம். இது வைத்தியரின் சோதனைக்கு மாற்று அல்ல. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள்.

ஆசிரியர்களிடம்: "கவனம் இல்லை" என்று எழுதும் முன், அந்தப் பிள்ளையை முன் வாங்கில் இருத்தி ஒரு கிழமை பாருங்கள். மாற்றம் தெரிந்தால் பெற்றாருக்குச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு உறவுகளிடம்: பாடசாலைகளுக்கு நீங்கள் செய்தவை கொஞ்சமல்ல. அடுத்த முறை வளைவோ கணினியோ பற்றிப் பேசும்போது இதையும் யோசியுங்கள். நெடுந்தீவுத் தாய் ஒருவர் பிள்ளையின் கண்ணைக் காட்ட முதலில் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு யாழ்ப்பாணத்துக்கு பஸ். அன்றைய கூலி போய்விடும். அரசாங்க ஆஸ்பத்திரியில் சோதனை இலவசம். போய்வரும் செலவும் கண்ணாடிச் செலவும்தான் பல வீடுகளைத் தடுக்கின்றன. வருடத்துக்கு ஒருமுறை ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கென்று ஒரு வான், வசதியில்லாத வீட்டுக்கு ஒரு கண்ணாடி. தீவுப் பிள்ளைகளின் தொகைக்கு இது ஒரு சங்கத்தால் சுமக்கக்கூடிய செலவுதான்.

பிள்ளைகள் எங்களிடம் தரப்பட்ட அமானிதம். அவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத குறையை நாங்கள்தான் கேட்டு அறிய வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கும் ஒரு வீட்டுக்காவது இதை அனுப்பிவிடுங்கள்.