தண்ணி குடிக்கப் போகாதேங்கோ

கோலர் "கோரஸ் ஜிக்" என்று அறிவித்ததும் கொஞ்சப்பேர் வரிசையை விட்டுக் கழன்று தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். நியூ ஹம்ஷயரில் கொன்ட்ரா நடனத்துக்குப் போயிருந்தால் கண்டிருப்பீர்கள். கேட்டால், பழைய நடனம், சரியான ஸ்லோ என்பார்கள். எனக்கு இந்தக் கதை பிடிக்கிறதில்லை.

முதலாவது, அது ஸ்லோவே இல்லை. ஃபிடில்காரர் மற்ற நடனங்களுக்கு வாசிக்கிற வேகத்தில்தான் இதற்கும் வாசிக்கிறார். (பெயர்தான் ஜிக், மெட்டு ரீல். அது வேற பகிடி.) இவர்களுக்குப் பொறுக்காதது காத்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு 64 அடி. இப்ப எழுதப்படுகிற நடனங்களில் அந்த 64 அடிக்கும் எல்லாரும் அசைந்தபடி இருப்பார்கள். கோரஸ் ஜிக்கில் முதற்சோடிதான் வெளியால போய் வரும், நடுவால போய் வரும், கடைசியில் சேர்ந்து சுழலும். இரண்டாம் சோடி பாதிக்கு மேல் சும்மா நிற்கும்.

சும்மாவா? நடுவில் 16 அடிக்குக் "கொன்ட்ரா கோர்னர்ஸ்" வரும். முதற்சோடி வலக்கை கோத்துச் சுற்றி, பிரிந்து, மூலையில் நிற்கிறவரை இடக்கையால் பிடித்துச் சுற்றும். திரும்பத் தன் சோடி, பிறகு மற்ற மூலை. அந்த மூலை நீங்கள்தான். முதல் தடவை நான் ஃபிடிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கை பிந்திவிட்டது. வந்த அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா. அதற்குப் பிறகு நிற்கிற நேரமெல்லாம் அடியை எண்ணத் தொடங்கினேன். ஆடுறவையை முழுசாகப் பார்த்ததும் அப்பதான்.

ஒரு குறையை ஒத்துக்கொள்ள வேணும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடம் மேலே ஏறி, உச்சிக்குப் போனால்தான் இரண்டாம் சோடி முதற்சோடியாகும். வரிசையை நீளமாக விட்டுப்போட்டு கோலர் பாதியில் நிறுத்தினால், கீழே நின்றவர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? வரிசையைக் கட்டையாக்குங்கோ, இல்லாட்டி கூட நேரம் ஓட விடுங்கோ. அதற்காக நடனத்தையே தூக்கி எறியிறதே?

ரால்ஃப் பேஜ் (1903–1985) போன்ற கோலர்கள் காப்பாற்றித் தந்தவை இவை. ஆடுவதற்கு ஆள் இல்லையென்றால் புத்தகத்தில் மட்டும்தான் கிடக்கும். ஒரு இரவுக்கு ஒன்றாவது போடுங்கோ என்றுதான் கேட்கிறேன். அடுத்த முறை பேர் சொன்ன உடனே போத்தலைத் தேடாதேங்கோ. எனக்கு மூலைக்கு ஆள் வேணும்.