ஒற்றன் எனப்பட்ட புலவன்

இரு பேரரசுகள் போர் தொடுக்காமலும் பகை நீங்காமலும் நெடுங்காலம் எதிரெதிர் நிற்பதைப் பனிப்போர் என்கிறோம். படைக்கலக் கணக்கைக் கொண்டு அதனை அளப்பவர் பலர். அவ்வாறு நிற்போர் உள்ளத்தில் நிகழும் திரிபே அக்கணக்கினும் ஆராயத்தக்கது என்பது என் கருத்து. அதனை அறிய வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் போகவேண்டியதில்லை. உறையூர் மதிலடி போதும்.

சோழன் நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான். அவன் குலத்தவனாகிய நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான். வெளிவந்து பொருதலும் இல்லை; கதவைத் திறந்து இணங்கலும் இல்லை. இருவீரும் சூடியது ஆத்தி மாலையே என்று கோவூர் கிழார் இடித்துரைத்த செய்தியை மாணவர் யாவரும் அறிவர். மேடைதோறும் சொல்லப்படுவதும் அதுவே. ஆயின், இரண்டு பாட்டுத் தள்ளி வரும் புறநானூற்று 47ஆம் பாட்டின் செய்தி அத்துணைப் பேசப்படுவதில்லை. இளந்தத்தன் என்னும் புலவன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்தான். அவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லத் துணிந்தான். கோவூர் கிழார் பாடி அவனை உய்வித்தார். பரிசிலுக்காக ஊர் ஊராகத் திரியும் ஓர் ஏழைப் புலவன், எங்கிருந்து வந்தான் என்ற ஒன்றைக்கொண்டே குற்றவாளியானான்! மதிலுக்குள் நெடுநாள் இருந்தவனுக்கு வருபவனின் வறுமை தெரிவதில்லை. அவன் வந்த திசை மட்டுமே தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் இருபுறத்தும் இளந்தத்தன்மார் இருந்தனர். 1952இல் இங்கிலாந்துக்குப் புறப்பட்ட சார்லி சாப்ளின் திரும்பிவரும் உரிமையை அமெரிக்கா பறித்தது. 1958இல் நோபல் பரிசு பெற்ற பாஸ்டர்நாக் அதனை மறுக்குமாறு சோவியத் நாட்டில் நெருக்கப்பட்டார். ஒருவர் நகைச்சுவை நடிகர், மற்றவர் கவிஞர். இவர்களால் எக்கோட்டை விழுந்துவிடும்?

மாஸ்கோவிற் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த உளவியலறிஞர் யூரி புரொன்பென்பிரனர் 1960இல் சோவியத் நாடு சென்று பொதுமக்களுடன் இரசிய மொழியிலேயே உரையாடினார். அமெரிக்கர் தம்மைப்பற்றிச் சொல்வனவற்றையெல்லாம் அவர்கள் தம்மைப்பற்றிச் சொன்னார்கள். அமெரிக்கர் இரசியரைப்பற்றிச் சொல்வனவற்றை அமெரிக்கரைப்பற்றிச் சொன்னார்கள். இதனை அவர் கண்ணாடி நிழலுக்கு ஒப்பிட்டு 1961இல் எழுதினார். என் ஆயுதம் காவல், உன் ஆயுதம் தாக்குதல் என்று இருவரும் ஒரே வாய்பாட்டை ஓதினால் வழக்கு எங்ஙனம் தீரும்? கியூபா நெருக்கடியில் உலகம் அழிவின் விளிம்பைக் கண்ட பின்னர், 1963 ஜூனில் கெனடி, இரசியரைப்பற்றிய தம் எண்ணத்தை மறுபடி ஆராயுமாறு தம் நாட்டு மக்களையே வேண்டினார். அதே ஆண்டு ஆகஸ்டில் அணுகுண்டுச் சோதனைத் தடை உடன்படிக்கை ஒன்று கைச்சாத்தாயிற்று.

இனி நம் கதை. நான் வாழும் கொலன்னாவை எண்ணெய்க் குதத்தாற் பெயர்பெற்ற ஊர். அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் மாணவர்க்கு அத்தாங்கிகள் வெறும் இரும்பு உருளைகள். எண்ணெயோ ஒருகாலத்தில் பனிப்போரின் நடுவே நம்மை இழுத்துவிட்ட பொருள். 1961இல் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு மறு ஆண்டில் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ ஆகிய கம்பனிகளின் சொத்துக்களிற் சிலவற்றைக் கையேற்று, சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் எண்ணெய் வாங்கிற்று. இழப்பீடு தாமதமாயிற்று. 1963 பெப்ரவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்திற்று. சொத்துக்களைக் கையேற்று இழப்பீடு கொடாத நாடுகளுக்கு உதவி மறுக்கும் அமெரிக்கச் சட்டத்திருத்தம் முதன்முதலாகப் பாய்ந்தது நம்மீதுதான்.

கம்பனிகள் இழப்பீடு கேட்டது முறையே. அதனை நான் மறுக்கவில்லை. ஆயின் விலை குறைந்த எண்ணெயை நாடிய சிறு நாடு, பரிசில் நாடிய இளந்தத்தனைப்போல, எத்திசையிலிருந்து பெற்றது என்பதுகொண்டே ஐயுறப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவின் அரசு இழப்பீட்டுக்கு இணங்கவே உதவி மீண்டது. சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி பெற்ற 1952ஆம் ஆண்டு உடன்படிக்கையின்போதும் இத்தகைய சினத்துக்கு ஆளானோம்.

சோவியத் ஒன்றியம் 1991இல் மறைந்தது. மதிலின் உள்ளம் மறையவில்லை. 2022 ஆகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்த 'யுவான் வாங் 5' என்ற கப்பலை ஆய்வுக் கப்பல் என்றது அனுப்பிய சீனா. வேவுக் கப்பல் என்று ஐயுற்றது இந்தியா. அதன் பின்னர், 2024 தொடக்கத்திலிருந்து ஓராண்டுக்கு எந்நாட்டு ஆய்வுக் கப்பலையும் ஏற்பதில்லை என்று நம் அரசு நிறுத்திவைத்தது. அத்தகைய ஆய்வுகளிற் சமமாகப் பங்குகொள்ளும் திறனை வளர்த்துக்கொள்ளவே இந்த அவகாசம் என்று காரணமும் கூறிற்று. இதனை நடுநிலை எனக் கொள்வாரும் உளர். வருபவன் புலவனா ஒற்றனா என்று பிரித்தறியும் கருவியும் கல்வியும் நம்மிடம் இல்லாத வரையில், அதுவும் நெடுங்கிள்ளி அடைத்த கதவாகவே எனக்குத் தோன்றுகிறது.