கொடியசைத்த பிறகும் கப்பல் ஓட வேண்டும்

நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் புறப்பட்டது. பிரதமர் காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். 150 பேர் அமரக்கூடிய அந்தக் கப்பலில் முதல் நாள் சென்றவர்கள் ஏறக்குறைய 50 பேர். நாள்தோறும் என்று அறிவிக்கப்பட்ட சேவை, முன்பதிவு குறைந்ததால் வாரத்துக்கு மூன்று நாள் என்றானது. ஒரு வாரம் முடிவதற்குள் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. 10 மாதங்களுக்குப் பிறகு, 2024 ஆகஸ்ட் 16 அன்று, ஒரு தனியார் நிறுவனம் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் அதே தடத்தில் மீண்டும் இறங்கியது. அதுவும் அவ்வாண்டு நவம்பரில் மழைக்காக நின்று, 2025 பிப்ரவரியில்தான் திரும்பவும் ஓடத் தொடங்கியது.

இந்த அனுபவத்தை நிதானமாக எடைபோட வேண்டிய நேரம் இது. ராமேசுவரம் - தலைமன்னார் தடத்தையும் மீட்பது குறித்து 2024 டிசம்பரில் இந்திய - இலங்கைக் கூட்டறிக்கை பேசியிருக்கிறது. சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி ஆகிய கடற்கரை ஊர்களைப் பயணப்படகால் இணைக்கலாம் என்ற யோசனையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தலைகாட்டுகிறது. கப்பல் விடுவது மகிழ்ச்சியான செய்தி. அதைத் தொடர்ந்து ஓட்டுவது பொருளாதாரம். முதலாவது ஒரு நாளில் முடிந்துவிடும். இரண்டாவது ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டும்.

கடல் பயணத்துக்கு அடிப்படையான விதி ஒன்று உண்டு. சாலை சுற்றிக்கொண்டு போகும் இடத்திலோ, சாலையே இல்லாத இடத்திலோதான் பயணப்படகு பிழைக்கும். குஜராத்தின் காம்பாத் வளைகுடாவின் ஒரு கரையில் கோகா, மறுகரையில் ஹசீரா. சாலை வழியாக ஏறக்குறைய 370 கி.மீ. சுற்ற வேண்டியதைக் கடல் வழி 90 கி.மீ.யாகக் குறைக்கிறது. மும்பையிலிருந்து அலிபாக் அருகிலுள்ள மாண்ட்வாவுக்கு வளைகுடாவைச் சுற்றி நூறு கி.மீ.க்கு மேல் நெரிசலில் போக வேண்டும். கார்களையும் ஏற்றிச் செல்லும் படகு ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடுகிறது. 2020-இல் தொடங்கிய அந்தச் சேவைக்கு ஆள் சேர்க்கப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை. மிச்சமாகும் நேரமே அதற்கு விளம்பரம்.

நம் வடதமிழகக் கடற்கரையின் அமைப்பு வேறு. அது ஏறக்குறைய நேர்கோடாக இறங்குகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் அதன் ஓரமாகவே போகிறது. மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி நூறு கி.மீ.க்கும் குறைவு, பேருந்தில் இரண்டு மணி நேரப் பயணம். இங்கே கப்பல் விட்டால் அது சாலைக்கு இணையாகவே ஓடும். துறைமுகத்துக்குப் போகும் நேரம், ஏறக் காத்திருக்கும் நேரம், இறங்கி ஊருக்குள் வரும் நேரம் எல்லாவற்றையும் சேர்த்தால் பேருந்தே முந்தும். கடற்காற்றுக்காகவும் காட்சிக்காகவும் வருகிறவர்கள் இருப்பார்கள். அது கேளிக்கைப் பயணம். அதைத் தனியார் தம் முதலீட்டில் நடத்தட்டும். அதைப் பொதுப் போக்குவரத்து என்று பெயரிட்டு அரசுப் பணத்தை இறக்குவதற்கு நியாயம் இல்லை. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது எங்கள் காஞ்சிபுரம் மாவட்டம் தன் கடற்கரை முழுவதையும் இழந்தது. எனினும் மாமல்லபுரத்தில் எது நடந்தாலும் உத்திரமேரூரில் இருப்பவர்களுக்கு ஆர்வம் குறைவதில்லை. அந்த ஆர்வத்தோடுதான் இதைச் சொல்கிறேன்.

நாகை - காங்கேசன்துறைத் தடம் இந்தச் சோதனையில் தேறிவிடுகிறது. இடையே ஏறக்குறைய 60 கடல் மைல். அதாவது 110 கி.மீ. நான்கு மணி நேரத்தில் கடக்கலாம். சாலை இல்லை. அப்படியென்றால் இருக்கைகள் ஏன் நிரம்பவில்லை?

முதல் காரணம், போட்டியாளர் வானத்தில் இருக்கிறார். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019-இல் தொடங்கிய விமானச் சேவை, பெருந்தொற்றுக் கால இடைவெளிக்குப் பின் 2022 டிசம்பரில் மீண்டது. 2024-இல் இன்னொரு நிறுவனமும் சேர்ந்தது. 2025-இல் திருச்சியிலிருந்தும் விமானம் பறக்கத் தொடங்கியது. பலாலி விமான நிலையமும் காங்கேசன்துறையும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சென்னைவாசி ஒருவர் இரவெல்லாம் பயணம் செய்து நாகை சேர்ந்து, பிறகு நான்கு மணி நேரம் கடலில் போவதைவிட, ஒன்றரை மணி நேரத்தில் பறந்துவிடவே விரும்புவார். 2023-இல் வரியுடன் 7,670 ரூபாய் எனக் கப்பல் கட்டணம் நிர்ணயிக்கப்பட்டபோது அந்தத் தெரிவு இன்னும் எளிதாகிவிட்டது. கட்டணம் பின்னர் 5,000 ரூபாய் அளவுக்கு இறங்கியதும், போக வர 8,500 ரூபாய் என்ற சலுகை வந்ததும் சரியான திசையில் எடுத்த அடிகள்.

இரண்டாவது காரணம் நாள்காட்டி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும் என்பது இக்கடற்கரையில் மீன்பிடிக்கும் சிறுவனுக்கும் தெரியும். அக்டோபர் 14-இல் ஒரு சேவையைத் தொடங்குவது, விதைப்பு முடிந்த வயலில் உடனே நீரை வடித்துவிடுவதற்குச் சமம். புதிய போக்குவரத்துச் சேவைக்கு முதல் சில மாதங்களே முதலீடு. ‘அந்தக் கப்பல் ஓடுகிறதா, இல்லையா?’ என்ற ஐயம் மக்கள் மனத்தில் ஒருமுறை விழுந்துவிட்டால், திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ நாள் குறித்துப் போகிறவர் அதை நம்பமாட்டார். நம்பாதவர் முன்பதிவு செய்யமாட்டார். முன்பதிவு இல்லாததால் பயணம் ரத்தாகும். ரத்தாவதால் ஐயம் உறுதியாகும். இந்தச் சுழலிலிருந்து வெளியே வரக் கட்டணக் குறைப்பு மட்டும் போதாது.

நாகை ஆற்றுமுகத் துறைமுகம் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். அங்கே ஒருமுறை ஆழப்படுத்திவிட்டு ஓய்ந்திருக்க முடியாது. குஜராத்திலேயே இதற்குப் பாடம் உண்டு. கோகாவிலிருந்து முதலில் 2017 அக்டோபரில் தகேஜுக்குத்தான் படகுச் சேவை தொடங்கியது. தகேஜ் பக்கத்தில் வண்டல் சேர்ந்து ஆழம் குறைந்ததால் 2019-இல் அது நின்றுபோயிற்று. அடுத்த ஆண்டு ஹசீராவுக்குத் தடம் மாற்றப்பட்ட பிறகே சேவை நிலைபெற்றது.

வரலாறு சொல்வதும் இதுதான். வ.உ.சிதம்பரனார் 1906-இல் பதிவுசெய்த சுதேசிக் கப்பல் நிறுவனத்துக்குப் பயணிகளின் ஆதரவு இருந்தது, சரக்கும் இருந்தது. எதிரே இருந்த பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்துக்கு நட்டத்தைத் தாங்கும் பணப்பை பெரிதாக இருந்தது. ஆட்சியின் துணையும் இருந்தது. கட்டணப் போரில் அந்நிறுவனம் இலவசமாகவே ஆள் ஏற்றத் துணிந்தது. 1911-இல் சுதேசி நிறுவனம் கலைக்கப்பட்டது. நூறாண்டு கழித்து, 2011 ஜூன் 13 அன்று தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற கப்பல் விடப்பட்டது. ஆயிரம் பேருக்கு மேல் ஏறக்கூடிய பெரிய கப்பல். ஆட்கள் போதவில்லை, எரிபொருள் செலவு தாங்கவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது.

வெற்றி பெற்ற முன்மாதிரியும் நமக்கு உண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் தொடங்கியது. சென்னை எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று கொழும்பு வரை போகலாம். ‘போட் மெயில்’ என்ற பெயர் இன்றும் மக்கள் நாவில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் ராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது. 1980-களின் உள்நாட்டுப் போர்தான் அதை நிறுத்தியது. அது நீடித்ததற்கு மூன்று காரணங்கள்: கடக்க வேண்டிய தொலைவு குறைவு, தோட்டத் தொழிலாளர்களும் வணிகர்களும் ஆண்டு முழுவதும் போய்வந்தார்கள், ரயிலும் கப்பலும் ஒன்றுக்கொன்று காத்திருந்தன. மூன்றாவதுதான் இன்று முற்றிலும் இல்லாதது. நாகையில் கப்பலை விட்டு இறங்குகிறவர் வேளாங்கண்ணிக்கோ, நாகூருக்கோ, சிதம்பரத்துக்கோ போக விரும்புகிறார். அவருக்கு அங்கே என்ன காத்திருக்கிறது என்பதைக் கப்பலின் அட்டவணையோடு சேர்த்தே திட்டமிட்டிருக்க வேண்டும்.

இந்தத் தடத்தின் இயல்பான பயணி யார் என்பதையும் சரியாகக் கணிக்க வேண்டும். அவர் சுற்றுலாப் பயணி மட்டும் அல்லர். டெல்டா மாவட்டங்களில் உறவினர் உள்ள குடும்பங்கள், கோயில்களுக்கும் தேவாலயத்துக்கும் தர்காவுக்கும் வருகிற யாத்ரீகர்கள், சிகிச்சைக்கு வருகிறவர்கள், திருமணத்துக்குப் பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வரை வருகிற யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், முகாம்களில் வாழ்ந்து முடித்து ஊர் திரும்ப நினைக்கிற ஏதிலியர் ஆகியோரே இதன் நிரந்தர வாடிக்கையாளர்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது ஒன்று: கையில் சுமை இருக்கும். முப்பதாண்டுக் குடும்ப வாழ்க்கையை ஒரு விமானப் பெட்டிக்குள் அடக்க முடியாது. சுமைதான் விமானத்தின் பலவீனம். அதுவே கப்பலின் பலம். இலவசச் சுமைக்கு விமானத்தைப் போலவே கடுமையான வரம்பு வைக்கும் கப்பல், தன் பலத்தைத் தானே விட்டுக்கொடுக்கிறது.

இனி மானியத்தின் கணக்கு. நாகைத் துறைமுகச் செலவுகளை ஈடுசெய்ய மாதம் 25,000 டாலருக்கு மேல் ஓராண்டுக்கு வழங்க இந்திய அரசு 2024-இல் முன்வந்தது. இலங்கை அரசு கப்பல் பயணிகளுக்கான வெளியேறும் வரியைக் குறைத்தது. ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். 150 இருக்கைக் கப்பல், மழைக்காலம் நீங்கலாக 40 வாரம், வாரத்துக்கு 5 நாள், போக வர என்று ஓடினால் 60,000 இருக்கைகள் கிடைக்கும். பாதி நிரம்பினால் பயணி ஒருவருக்கு மானியம் 10 டாலர். ஏறக்குறைய 850 ரூபாய். கால்வாசிதான் நிரம்பினால் 20 டாலர். அரசு தரும் தொகை மாறவில்லை. அதன் பயன் பாதியாகிவிடுகிறது. இது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குதான். ஆயினும் மானியம் தகுதியானதா என்ற கேள்விக்கு விடை அதன் அளவில் இல்லை, இருக்கை நிரம்பும் விகிதத்தில் இருக்கிறது என்பதை அது காட்டுகிறது.

‘உள்ளூர்ப் பேருந்துக்கே பணம் இல்லாதபோது அயல்நாட்டுக் கப்பலுக்கு மானியமா?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தில் வாழும் என்னால் அந்தக் கேள்வியை எளிதில் ஒதுக்க முடியாது. ஒரு ரூபாயை இரண்டு இடத்தில் செலவிட முடியாது என்பதுதான் பொருளாதாரத்தின் முதல் பாடம். ஆனால், கடலும் ஒரு சாலைதான் என்று கருதும் நாடுகள் உண்டு. நார்வேயில் பல படகுத் தடங்கள் தேசிய நெடுஞ்சாலையின் பகுதிகள். ஸ்காட்லாந்து தன் மேற்குத் தீவுகளுக்கு 2008 முதல், அதே தூரத்தைச் சாலையில் கடக்க ஆகும் செலவை ஒட்டிப் படகுக் கட்டணத்தை வைக்கிறது. போரால் அறுந்த ஒரு பாதையை மீட்பதற்குச் சில ஆண்டுகள் பொதுப் பணம் செலவிடுவது தவறாகாது. அதற்கு எல்லையும் நிபந்தனையும் இருக்க வேண்டும், அவ்வளவே.

எனவே, இரு அரசுகளும் செய்யத்தக்கவை சில. சேவையை ஓராண்டு உதவியில் தொங்கவிடாமல், திறந்த ஒப்பந்தப்புள்ளி வழியாக ஐந்தாண்டு ஒப்பந்தமாக்கலாம். ஏறும் பயணிகளின் எண்ணிக்கையை ஒட்டியும், அறிவித்த நாளில் தவறாமல் ஓடியதை ஒட்டியும் மானியம் தரலாம். மழைக்கால விடுமுறையை ஆண்டு தொடக்கத்திலேயே அறிவித்து, கப்பல் பராமரிப்பையும் துறைமுகத் தூர்வாரலையும் அப்போது முடிக்கலாம். ரயிலையும் பேருந்தையும் கப்பலையும் ஒரே சீட்டில் இணைக்கலாம். சுமை வரம்பைத் தளர்த்தலாம். மூன்றாண்டு முடிவில் பாதி இருக்கைகூட நிரம்பவில்லையென்றால், சேவையை மாற்றியமைக்கவோ முடித்துக்கொள்ளவோ துணிய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பயணம் ரத்தாயிற்று, எவ்வளவு மானியம் போயிற்று என்ற கணக்கை மாதந்தோறும் பொதுவில் வைக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கை எங்கள் ஊருக்குப் புதிதன்று. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் நினைவுகூர்கிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குத் தகுதியற்றவர்கள் என்று அவை விதித்ததை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஏரிக்கென்றே தனி வாரியம் இருந்தது. ஆண்டுதோறும் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏரி வெட்டியவுடன் வேலை முடிவதில்லை. வண்டல் எடுப்பதும் கரை பார்ப்பதும் ஒவ்வோர் ஆண்டும் செய்ய வேண்டியவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நாகைக் கப்பலுக்கும் தேவைப்படுவது அத்தகைய ஓர் ஏற்பாடுதான்.