நேத்துக் கறி ஆகாதாம், டப்பாக் கறி ஆகுமாம்!

எங்க தோட்டத்துக்கு வர்ற டவுன் ஒறம்பரைங்க வாயில அடிக்கடி வர்ற வார்த்தை ஒன்னு இருக்குங்க. "நேத்து ஆக்கின கறியா? நாங்க பழசு தொடறதில்லீங்க." நல்ல பழக்கம்தான், நான் குத்தம் சொல்லலை. ஆனா அவங்க வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தா சலாமி, சாசேஜ், ஹாம்னு வரிசையா பாக்கெட் இருக்கு. அது என்னைக்கு வெந்த கறின்னு கேட்டா பதில் இல்லை. பாக்கெட்டுல தேதி போட்டிருக்கு, படிச்சுப் பாருங்க. நேத்துக் கறி இல்லை, போன மாசத்துக் கறி. தகர டின்ல வர்ற லஞ்சன் மீட்டா இருந்தா போன வருசத்துக் கறியாவும் இருக்கும். நேத்துக் கறியைக் குப்பையில கொட்டிட்டு, போன வருசத்துக் கறியைக் காசு குடுத்து வாங்கறது எந்த ஊர் கணக்குங்க?

இதுல வேடிக்கை என்னன்னா, ஆறின கறியைச் சீவித் தின்றது வெள்ளைக்காரங்க மிச்சக் கறியிலயும் செஞ்ச சமாச்சாரம்தான். வெள்ளைக்காரங்க வீட்ல ஞாயித்துக்கிழமை பெரிய துண்டாச் சுடுவாங்க. மிஞ்சினதைத் திங்கக்கிழமை ஆற வெச்சபடியே சீவித் தின்பாங்க. அமெரிக்காவுல ஹோர்மெல் கம்பெனி 1937ல பன்னிக்கறியை டின்ல அடைச்சு 'ஸ்பாம்'னு பேர் வெச்சு வித்துச்சு. ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துக்குச் சாப்பாடாப் போயி உலகமெல்லாம் பரவிருச்சு. வீட்டு அடுப்படியில மிச்சத்தை வீணாக்காம செஞ்ச மாதிரியான வேலையைக் கம்பெனியும் செய்யுது. இப்ப அதையே நமக்கு நாகரிகம்னு திருப்பி விக்கறாங்க.

நமக்கு இது தெரியாத வித்தையும் இல்லை. சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் துரை காலத்துல ஏற்காட்டுல காப்பி வெச்சாங்க. அப்புறம் தோட்டத் துரைமாருங்க பங்களா பங்களாவாக் கட்டினாங்க. அங்க சமையலுக்கும் எடுபிடிக்கும் போனதுல கீழ்நாட்டு ஆளுங்களும் உண்டு. எங்க அப்புச்சியோட அண்ணன் அப்படி ஒரு பங்களாவுல கை வேலை செஞ்சவர். அவர்கிட்ட இருந்து எங்க அம்மாயிக்கு வந்து, அம்மாயிகிட்ட இருந்து எங்க வீட்டுக்கு வந்ததுதான் இந்த 'அமுக்குக்கறி'. பேரு நாங்க வெச்சது. இங்கிலீசுப் பேரு அவருக்கே ஞாபகம் இல்லை.

செய்யறது பெரிய கம்பசூத்திரம் இல்லைங்க. வெந்த கறி அரைக் கிலோ, எலும்பு நீக்கினது. வெள்ளாடோ, கோழியோ எதுவா இருந்தாலும் சரி. குழம்புல கிடந்ததா இருந்தா மசாலாவை வழிச்சு எடுத்துருங்க. எலும்பைத் தூக்கி எறியாதீங்க, உசுரே அதுலதான் இருக்கு. அந்த எலும்போட ஆட்டுக்கால் நாலு, இல்லைன்னா சுத்தம் பண்ணின கோழிக்கால் பத்துப் பன்னெண்டு போட்டு, குக்கர்ல முக்கால் மணி நேரம் வேக விடுங்க. வடிகட்டி, அந்தத் தண்ணியை ஒரு டம்ளருக்கு வர்ற வரைக்கும் சுண்ட வைங்க. ஒரு சொட்டைக் குளுந்த தட்டுல விட்டு விரல்ல தொட்டா ஒட்டணும். அதுதான் பதம். காலு, தோலு, மூட்டுல இருக்கற பசை வெந்து தண்ணியில இறங்குது, குளுந்தா உறையுது. பாயா ஃபிரிட்ஜுக்குள்ள கட்டியாகுதே, அதேதான்.

கறியைக் கத்தியில பொடிசா நறுக்குங்க. மிக்சின்னா ரெண்டு சுத்துக்கு மேல வேண்டாம், கூழாயிரும். மிளகு, சீரகம், பூண்டு, உப்பு போட்டு, சுண்டின தண்ணியில கறியைக் கொட்டி ஒரு தடவை நல்லாக் கொதிக்க விட்டு இறக்குங்க. நல்லெண்ணெய் தடவின எவர்சில்வர் டப்பாவுல நிரப்பி, மேல ஒரு தட்டு வெச்சு, அதுக்கு மேல சின்னக் குழவியை வெச்சு அமுக்குங்க. சூடு தணிஞ்சதும் குழவியோடயே ஃபிரிட்ஜுக்குள்ள. ராத்திரி பூரா இருக்கட்டும். காலைல கவுத்தா அச்சு வெல்லம் மாதிரி விழும். மெல்லிசாச் சீவி, சின்ன வெங்காயமும் எலுமிச்சம்பழமும் வெச்சுத் தின்னு பாருங்க. பிரெட்டுக்கு நடுவுலயும் வைக்கலாம், நான் ராகிக் களிக்குத் தொட்டுக்குவேன்.

இதுக்கு இளங்கறியைத் தேடாதீங்க. எங்க நாமக்கல்ல ஒன்றரை வருசம் முட்டை வெச்சு ஓய்ஞ்ச கோழியை லோடு லோடா ஏத்தி விடறாங்க. பேப்பர்ல 'முட்டைக்கோழி'ன்னு தனி விலை வரும், பெரும்பாலும் கறிக்கோழியை விடக் குறைச்சல்தான். கறி நார் நாரா இருக்கும், வேகாதுன்னு டவுன்ல ஒதுக்கறாங்க. ஆனா ருசி அதுலதான். அப்படிப்பட்ட வயசான கோழியை அரைச்சு சாசேஜும் நக்கெட்டும் செஞ்சு குடுத்தா மட்டும் கேள்வி கேக்காமத் தின்றீங்களே!

இப்ப உடம்புக்கு வருவோம். டப்பாக் கறி ரோஸ் நிறத்துல இருக்கு பாருங்க, அது கறியோட சொந்த நிறம் இல்லை. வெந்த கறி பழுப்பாத்தான் இருக்கும். நிறத்துக்குக் காரணம் சோடியம் நைட்ரைட். லேபிள்ல 250ங்கிற நம்பர்ல ஒளிஞ்சிருக்கும். அதைச் சும்மா போடலை, நியாயமாச் சொல்லணும்னா, நாள்பட்ட கறியில வர்ற கொடிய விஷக்கிருமியை அது தடுக்குது. ஆனா 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, பதப்படுத்தின கறி புத்துநோய் உண்டாக்கும்னு முதல் பிரிவுல சேத்துருச்சு. தினமும் 50 கிராம் தின்னா பெருங்குடல் புத்துநோய் ஆபத்து 18 சதவீதம் கூடுதுன்னும் சொல்லிருக்கு. உப்புப் போட்டுக் காய வெக்கறதும் பதப்படுத்தறதுதான், அதனால நம்ம உப்புக்கண்டத்துக்கும் அந்தப் பேச்சு பொருந்தும். நம்ம ஊருதுங்கறதுக்காக நான் அதை மறைக்க மாட்டேன். ஆனா உப்புக்கண்டத்தை யாரு தினம் திங்கறாங்க?

அமுக்குக்கறியில நைட்ரைட் இல்லை. அதனாலயே அது நாள்பட நிக்காது. "பழைய காலத்துல ஃபிரிட்ஜா இருந்துச்சு"ன்னு வீம்பு பேசறவங்களும் உண்டு, அவங்களோடயும் எனக்குச் சண்டைதான். அந்தக் காலத்துல குழம்புச் சட்டியைக் காலைலயும் பொழுதோடவும் கொதிக்க வெச்சுச் சுண்டக்குழம்பா ஆக்கினாங்க, சும்மா விட்டு வெக்கலை. அப்படியும் சில கிருமியோட விஷம் கொதிச்சாலும் போகாது. கறி ஆக்கின ரெண்டு மணி நேரத்துல ஃபிரிட்ஜுக்குப் போயிரணும். நம்ம சித்திரை வெயில்ல ஒரு மணி நேரம்தான் கணக்கு. பந்தியில பொழுதுக்கும் கிடந்த கறியில இதைச் செய்யவே செய்யாதீங்க. செஞ்சது மூனு நாளைக்கு மேல வேண்டாம். கரண்டு போயி ஃபிரிட்ஜு ரொம்ப நேரம் நின்னுட்டா அதை மறந்துருங்க. பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக் குடுக்காதீங்க, உருகி வழியும், கெட்டும் போகும். வீட்ல, குளுமையா, காலைச் சாப்பாட்டுக்கு.

இவ்வளவு கோவம் ஏன்னா, நான் ஆடு வளக்கறவன். ஒரு மேச்சேரிக் கெடாக்குட்டி கறிக்குத் தேறி வர்றதுக்குள்ள, கரட்டு மேட்டுல மேய்ச்சு, கோடையில வேலங்காய் பொறுக்கிப் போட்டு, மழைக்காலத்துல நோவுக்கு மருந்து ஊத்தி, ராத்திரி நாய் வராமக் காவல் இருக்கோம். கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிருச்சுன்னு டவுன்ல அலுத்துக்கறீங்க. அதே கறியில கால் பங்கைக் கிடா விருந்து முடிஞ்சதும் குழி வெட்டிக் கொட்டறதை முனியப்பன் கோயில் ஓரத்துல நானே பாத்திருக்கேன். வெலை ஜாஸ்தின்னா முழுசாத் தின்னுங்க. கொட்டறீங்கன்னா வெலையைப் பத்திப் பேசாதீங்க.

எங்க கோயில்ல அடுத்து கெடா வெட்டு வருது. ஒறம்பரைங்க வரும்போது ஆளுக்கொரு தூக்குப்போசியும், ஐஸ் போட்ட பெட்டியும் கொண்டு வந்துருங்க. பந்தி பரிமாறறதுக்கு முன்னாடியே உங்க பங்கை எடுத்து வெச்சுத் தர்றோம். எலும்பையும் கேட்டு வாங்கிக்குங்க.